வன்னியில் செய்த சேவை சுயவிபரக் கோவையில் இல்லாதபோது: ஆசிரியர் சேவைப் பதிவைத் திருத்திக்கொள்ளும் வழி

இலங்கையின் வடக்கே வன்னிப் பாடசாலைகளில் இருபத்தைந்து, முப்பது வருடம் கற்பித்த ஒருவர், ஓய்வூதிய விண்ணப்பத்தை நிரப்புவதற்காக வலயக் கல்வி அலுவலகத்துக்குச் சென்ற நாளில்தான், தம்முடைய சேவையில் பத்து மாதமோ இரண்டு வருடமோ பதிவில் இல்லை என்று முதன்முதலாகக் கேள்விப்படுவது இங்கே அரிதான காரியமன்று. சிலருக்கு 2009ஆம் ஆண்டு முழுவதுமே வெற்றிடமாக இருக்கிறது. சிலருக்குக் கஷ்டப் பிரதேசத்தில் பணியாற்றிய ஆண்டுகள் சாதாரண சேவையாகப் பதியப்பட்டிருக்கின்றன. பயிற்சி முடித்த திகதி, தரமுயர்வு பெற்ற திகதி, பெற்ற பாராட்டுச் சான்றிதழ் ஆகியன ஏறாமலே போனவர்களும் உண்டு. ஆசிரியர்களின் கோவைகள் வந்துபோகும் மேசையில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில், இதை முதன்முறையாக எதிர்கொள்பவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். ஆசிரியரை முன்வைத்தே எழுதினாலும், தாதியர், கிராம அலுவலர், அலுவலக உத்தியோகத்தர் ஆகியோருக்கும் இதன் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் எந்தத் தாளைத் திருத்தப்போகிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். ஓர் ஆசிரியரைப் பற்றிய கடிதங்கள் யாவும் சேர்த்துக் கட்டப்பட்டிருப்பது சுயவிபரக் கோவை. அந்தக் கோவைக்குள், நியமனம் முதல் இன்றுவரை நடந்த ஒவ்வொரு மாற்றமும் வரிசையாக எழுதப்பட்டு, பொறுப்பான உத்தியோகத்தரால் ஒப்பமிடப்பட்டிருப்பது வரலாற்றுத் தாள். ஓய்வூதியத்தைக் கணிப்பவர் பார்ப்பது வரலாற்றுத் தாளையே. கோவையில் கடிதம் இருந்தும் வரலாற்றுத் தாளில் பதிவு இல்லையென்றால், அந்தக் கடிதத்தைச் சுட்டிக்காட்டிப் பதிவைக் கேட்கலாம். அது இலேசான வேலை. இரண்டிலும் இல்லையென்றால், சான்றை வெளியிலிருந்து கொண்டுவந்து கோவையில் சேர்ப்பித்து, அதன் பின்னரே பதிவைக் கேட்க வேண்டும். இவ்விரண்டில் தம்முடையது எது என்று அறியாமல் விண்ணப்பம் எழுதுபவர்களே மாதக்கணக்கில் அலைகிறார்கள்.

வன்னிக் கோவைகள் ஏன் சிதறின

இதை விளக்கமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் கடிதத்தின் மறுபிரதி இன்று எந்த அலுவலகத்தில் கிடக்கக்கூடும் என்பதை நிர்வாக எல்லைகளின் வரலாறுதான் சொல்லும். முல்லைத்தீவு 1978ஆம் ஆண்டில்தான் தனி மாவட்டமானது. கிளிநொச்சி 1984ஆம் ஆண்டில் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. ஆகவே, எழுபதுகளின் இறுதியிலோ எண்பதுகளின் தொடக்கத்திலோ கிளிநொச்சியில் முதல் நியமனம் பெற்ற ஒருவரின் ஆரம்பக் கடிதங்கள் யாழ்ப்பாணத்து அலுவலகம் ஒன்றின் கோவையில் தொடங்கியிருக்கும். 1988ஆம் ஆண்டின் பின்னர் வடக்குக் கிழக்கு மாகாண சபையின் நிர்வாகம் திருகோணமலையிலிருந்து நடந்தது. 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பையடுத்து, 2007 ஜனவரி 1ஆம் திகதி முதல் வடக்கும் கிழக்கும் தனித்தனி மாகாணங்களாக இயங்கத் தொடங்கின. அந்த ஏறத்தாழப் பதினெட்டு வருட காலத்தில் வழங்கப்பட்ட நியமனம், நிரந்தரமாக்கல், தரமுயர்வு ஆகியவற்றின் அலுவலகப் பிரதிகள் திருகோணமலையில் தங்கிவிட்டனவா, யாழ்ப்பாணத்துக்கு வந்துசேர்ந்தனவா என்பதை ஒவ்வொரு கடிதத்துக்கும் தனித்தனியாகத் தேடித்தான் அறிய முடியும். கிளிநொச்சியில் கோவை இல்லை என்ற பதிலைக் கேட்டதும் மனம் தளர்ந்து வீடு திரும்பியவர்கள், திருகோணமலைக்கு ஒரு கடிதம் எழுதிப் பார்த்திருக்கலாமே என்று நான் பலமுறை வருந்தியதுண்டு.

இடப்பெயர்வு இதற்கு மேலாக வந்தது. 1996ஆம் ஆண்டில் கிளிநொச்சி நகரம் வெறுமையானபோது பாடசாலைகளும் அலுவலகங்களும் உள்ளே நகர்ந்து, மர நிழலிலும் கிடுகுக் கொட்டில்களிலும் இயங்கின. பின்னர் 2008ஆம் ஆண்டில் மன்னார்ப் பக்கமிருந்து தொடங்கிய இடப்பெயர்வு, முழங்காவில், அக்கராயன், கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று கிழக்கே தள்ளிக்கொண்டு போய், 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. ஒரு பாடசாலையின் வரவுப் பதிவேட்டை அதிபர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு நான்கு இடம் போயிருப்பார். ஐந்தாவது இடத்தில் அது பதுங்குகுழிக்குள் கைவிடப்பட்டிருக்கும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் பதிவேட்டைத் தூக்கவில்லை என்று எவரும் குறைசொல்ல முடியாது. ஆனால் அந்தப் பதிவேட்டின் இழப்பை, அந்த ஆசிரியர் அன்றைக்குக் கடமையில் இருக்கவில்லை என்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்வதற்கும் எவருக்கும் உரிமை இல்லை. பதிவேடு இல்லாமை ஒன்று. கடமைக்கு வராமை வேறொன்று. உங்கள் விண்ணப்பம் முழுவதும் இந்த வேறுபாட்டின் மீதுதான் நிற்கப்போகிறது.

முதற்படி: உங்கள் கோவையை நீங்களே பாருங்கள்

எவர் சொன்னதையும் நம்பி விண்ணப்பம் எழுத வேண்டாம். மாகாணப் பாடசாலை ஆசிரியர் ஒருவரின் கோவை அவருடைய வலயக் கல்வி அலுவலகத்தில் இருக்கும். வன்னியைப் பொறுத்தவரை கிளிநொச்சி, முல்லைத்தீவு, துணுக்காய், மடு, மன்னார், வவுனியா வடக்கு, வவுனியா தெற்கு என்று வலயங்கள் பிரிந்திருக்கின்றன. கிளிநொச்சி வலயம் பின்னர் வடக்கு, தெற்கு என இரண்டாக்கப்பட்டதையும் நினைவில் வைத்திருங்கள்; கோவை எந்தப் பக்கம் போனது என்று கேட்டறிய வேண்டும். தேசிய பாடசாலையில் பணியாற்றிய காலத்துக்குரிய கடிதங்கள் பத்தரமுல்லை இசுறுபாயவில் உள்ள கல்வி அமைச்சுடன் தொடர்புபட்டவை. அமைச்சுக்குத் தமிழிலேயே எழுதலாம். தமிழ் அரச கரும மொழி என்பதால், உங்கள் கடிதத்தைச் சிங்களத்தில் எழுதிக் கொண்டுவரும்படி எவரும் கட்டாயப்படுத்த இயலாது.

வலயக் கல்விப் பணிப்பாளருக்கு அதிபர் ஊடாக ஒரு பக்கக் கடிதம் எழுதி, கோவையைப் பார்வையிடவும் வரலாற்றுத் தாளின் உறுதிப்படுத்திய பிரதியைப் பெறவும் அனுமதி கோருங்கள். பெரும்பாலும் இதுவே போதும். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அதே அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டமைக்கான ஒப்புகையை வாங்குங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை அவர் பதினான்கு வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தாலோ காலம் கடந்தாலோ, அதன் பின் பதினான்கு நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அவர் மூன்று வாரத்துக்குள் தீர்மானிக்க வேண்டும். அங்கும் பலனில்லையென்றால், இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவை நாடலாம். "கோவை கிடைக்கவில்லை" என்பது பதிலாக வந்தால் அதையும் எழுத்தில் பெறுங்கள். அந்த ஒரு வரிக் கடிதம் உங்களுக்கு எதிரானதன்று. கோவை அலுவலகத்தின் பொறுப்பில் இருந்தபோதே தொலைந்தது என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று இல்லை.

இரண்டாம்படி: காலவரிசைத் தாள்

பிரதி கைக்கு வந்ததும் ஓர் அகலமான தாளில் நான்கு நிரல் வரையுங்கள். முதல் நிரலில் எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை, இரண்டாவதில் எந்தப் பாடசாலை, அது அப்போது எங்கே இயங்கியது, மூன்றாவதில் அதற்கு என்ன ஆவணம் இருக்கிறது, நான்காவதில் வரலாற்றுத் தாளில் அது எப்படிப் பதியப்பட்டிருக்கிறது என்று எழுதுங்கள். "இயங்கிய இடம்" என்பதை விட்டுவிடாதீர்கள். இடம்பெயர்ந்த பாடசாலையில் கற்பித்தவர், நிரந்தர இடத்தின் பெயரில் சம்பளம் பெற்று வேறோர் ஊரில் பணிபுரிந்திருப்பார். அவருடைய சாட்சிகள் எல்லாம் அந்த வேற்றூரில்தான் இருப்பார்கள்.

இந்தத் தாளை நிரப்பும்போது நினைவு தடுமாறும். ஆண்டு தெரியும், மாதம் தெரியாது. அப்போது தெரிந்த நிகழ்வுகளைக் கொண்டு எல்லை போடுங்கள்: கிளிநொச்சி நகரம் 2009 ஜனவரி 2ஆம் திகதி இராணுவத்தின் கைக்குப் போவதற்கு முன்னரா பின்னரா, போர்நிறுத்த உடன்படிக்கை 2002 பெப்ரவரியில் கையெழுத்தாவதற்கு முன்னரா பின்னரா, சாதாரண தரப் பரீட்சை நடந்த வாரத்தில் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டுக்கொண்டால் திகதி தானாக நெருங்கும். தெரியாத திகதியை ஊகித்து உறுதியாக எழுதுவது மட்டும் கூடாது. ஒரு திகதி பிழையென்று பிறகு தெரியவந்தால், சரியான மற்றப் பத்துத் திகதிகளின் மீதும் ஐயம் விழும்.

வெற்றிடங்கள் கண்ணில் பட்டதும் அவற்றை வகைப்படுத்துங்கள். பெயரின் முதலெழுத்து, அடையாள அட்டை இலக்கம், பாடசாலைப் பெயர் ஆகியவற்றில் உள்ள எழுத்துப்பிழை ஒரு வகை. இது அலுவலக மட்டத்திலேயே தீரும். கடமையேற்பு, இடமாற்றம், இணைப்பு (வேறொரு பாடசாலையில் தற்காலிகமாகக் கடமைக்கு அமர்த்தப்படுதல்), பயிற்சி, தரமுயர்வு ஆகியன பதியப்படாமை இரண்டாம் வகை. பிழையான பதிவு மூன்றாம் வகை: கடமையில் இருந்தவரைச் சம்பளமற்ற விடுமுறையில் இருந்தவராகவோ, பதவியை வறிதாக்கியவராகவோ, அதாவது பதவியைத் தாமே கைவிட்டவராகவோ, எழுதியிருப்பது. இந்த மூன்றாம் வகைதான் கடுமையானது. சம்பளமற்ற விடுமுறைக் காலம் ஓய்வூதியச் சேவையைக் குறைத்துவிடும். பதவி வறிதானதாகக் கருதப்பட்டால் சேவையே முறிந்துவிடும். அதைத் திருத்த அலுவலகத்தின் பதிவு மட்டும் போதாது. நியமன அதிகாரம் உள்ளவரின் கட்டளை வேண்டும்.

மூன்றாம்படி: சான்று தேடுதல்

எல்லாவற்றிலும் வலிமையானது அந்தக் காலத்திலேயே, உங்கள் வழக்கைப் பற்றி எதுவும் அறியாத ஒருவரால் எழுதப்பட்ட தாள். இன்று வாங்கும் பத்துக் கடிதங்களைவிட அன்று எழுதப்பட்ட ஒரு வரி மேலானது. பாடசாலையின் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் நீங்கள் கடமையேற்ற நாள் எழுதப்பட்டிருக்கும். ஆசிரியர் வரவுப் பதிவேட்டில் ஒப்பம் இருக்கும். இவை எஞ்சியிருக்கும் பாடசாலைகள் இன்றும் உண்டு. உங்கள் பாடசாலையின் பதிவேடு போயிருந்தாலும், நீங்கள் இணைக்கப்பட்டிருந்த மற்றப் பாடசாலையினுடையது தப்பியிருக்கலாம்.

அதன் பின் சம்பளம். சம்பளப் பட்டியலின் பிரதி கணக்குக் கிளையில் இருக்கக்கூடும். சம்பளம் வரவு வைக்கப்பட்ட வங்கிப் புத்தகம் வீட்டில் எங்கேனும் இருந்தால் அதைத் தேடி எடுங்கள். சிக்கலான மாதங்களின் சம்பளம் நிலுவையாகப் பின்னர் வழங்கப்பட்டிருந்தால், அந்த நிலுவைக் கொடுப்பனவின் பத்திரமே, அரசு உங்களை அக்காலத்தில் கடமையில் இருந்தவராக ஏற்றுக்கொண்டது என்பதற்குச் சான்றாகும். இதைப் பலர் கவனிப்பதில்லை. சம்பளம் கொடுத்துவிட்டுச் சேவையை மறுக்கும் முரணைத் தாளில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினால், வாதாட வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது.

வன்னிக்கு வெளியே இருந்ததால் அழியாமல் தப்பிய ஆவணங்கள் அடுத்த தொகுதி. விதவைகள், அநாதைகள் ஓய்வூதியப் பதிவு கொழும்பு மாளிகாவத்தையில் உள்ள ஓய்வூதியத் திணைக்களத்தில் இருக்கிறது; அந்தப் பதிவு விண்ணப்பத்தில் உங்கள் நியமனத் திகதி இருக்கும். ஆசிரியப் பெண்களுக்கான இதே திட்டம் 1983ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது என்பதால், அதற்கு முன் நியமனம் பெற்ற பெண் ஆசிரியர்களின் பதிவுத் திகதி நியமனத் திகதிக்குப் பிந்தியதாக இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டியதில்லை. பரீட்சைத் திணைக்களம் ஆசிரியர் பயிற்சி இறுதிப் பரீட்சைப் பெறுபேற்றையும் வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சைப் பெறுபேற்றையும் உறுதிப்படுத்தித் தர வல்லது. கோப்பாய் ஆசிரியர் கலாசாலையிலோ வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரியிலோ பயின்றவர்கள் அந்த நிறுவனத்தின் மாணவர் பதிவேட்டிலிருந்து பயிற்சிக் காலத்தைப் பெறலாம். பொதுப் பரீட்சைகளில் நோக்குநராகவோ மேற்பார்வையாளராகவோ நியமிக்கப்பட்ட கடிதம், தேர்தல் கடமைக் கடிதம், கருத்தரங்குச் சான்றிதழ் ஆகியவற்றில் உங்கள் பாடசாலையின் பெயரும் திகதியும் இருக்கும். நானறிந்த ஓர் ஆசிரியை, தம் சேவையில் விடுபட்டிருந்த ஓர் ஆண்டை நிலைநாட்டியது, திருமண அல்பத்துக்குள் செருகி வைத்திருந்த ஒரு பரீட்சைக் கடமைக் கடிதத்தாலேதான்.

2009ஆம் ஆண்டை நிரப்புவது தனியாகச் சொல்ல வேண்டியது. செட்டிகுளம் மெனிக் பாமில் கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் ஆகிய பெயர்களில் அமைந்த முகாம்களுக்குள்ளும் (அலுவலகக் கடிதங்களில் நலன்புரி நிலையங்கள்) பாடசாலைகள் நடந்தன; முகாமுக்குள் இருந்த ஆசிரியர்களே அங்கே கற்பித்தார்கள். கையில் நியமனக் கடிதம் இல்லாமல், வெறும் பெயர்ப் பட்டியலோடு தொடங்கிய சேவை அது. ஆகவே இந்தக் காலத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வெளியே வர முடியாமல் போருக்குள் அகப்பட்டிருந்த மாதங்கள் ஒன்று; முகாமுக்குள் கற்பித்த மாதங்கள் மற்றொன்று. இரண்டாவதற்கு முகாம் பாடசாலையின் பதிவேடு, இணைப்புப் பட்டியல், முகாம் அடையாள அட்டை, உடன் கற்பித்தவர்களின் கூற்று ஆகியன உண்டு. முதலாவதற்கு, எந்தப் பதிவேடும் இயலாத நிலைமை நிலவியது என்பதையே விளக்க வேண்டும். முகாமுக்கு வந்து சேர்ந்த பதிவின் திகதியும், பிரதேச செயலகம் அல்லது கிராம அலுவலர் அக்காலத்தில் நீங்கள் வசித்த இடம் பற்றித் தரும் உறுதிப்படுத்தலும் அதற்கு உதவும். அந்த நாட்களைப் பற்றி எழுதும்போது கை நடுங்குவது இயல்பு. இழந்தவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றும். அதைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் திகதியும் இடமும் மட்டும் நிற்கட்டும். அலுவலர் மனமற்றவர் என்பதால் இதைச் சொல்லவில்லை. அவர் ஒப்பமிட வேண்டியது திகதிக்கு என்பதால் சொல்கிறேன்.

எழுத்துச் சான்று எதுவுமே கிடைக்காதபோதுதான் சத்தியக் கடதாசிக்கு வர வேண்டும். அன்றைய அதிபர், உடன் பணியாற்றிய ஆசிரியர் இருவர் ஆகியோர் சமாதான நீதிவான் முன்னிலையில் தனித்தனியே சத்தியம் செய்து கொடுப்பது நன்று. எல்லோரும் ஒரே வசனங்களை ஒப்பமிட்டுக் கொடுத்தால் அது ஒருவரின் கூற்றாகவே மதிக்கப்படும். "அவர் நன்றாகக் கற்பித்தார்" என்பது சான்றன்று. "நானும் அவரும் இன்ன காலத்தில், இன்ன ஊரில் இயங்கிய இன்ன பாடசாலையில், இன்ன வகுப்புகளுக்குக் கற்பித்தோம், இது எனக்கு நேரில் தெரியும்" என்பதே சான்று. சாட்சி சொல்பவர் தம்முடைய சேவைப் பதிவில் அதே காலம் உள்ளவராக இருந்தால், அவருடைய வரலாற்றுத் தாளின் பிரதியையும் அவர் சம்மதத்தோடு இணையுங்கள். பலருடைய காரியம் அதனாலேயே நிறைவேறியிருக்கிறது.

கஷ்டப் பிரதேசச் சேவையும் பாராட்டுகளும்

கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்ற வகைப்படுத்தல் பாடசாலைக்கு உரியது. அது காலத்துக்குக் காலம் மாறும். இன்று ஏ-9 வீதியோரம் கார்ப்பெற் வீதியும் மின்சாரமுமாக இருக்கும் ஒரு பாடசாலை, நீங்கள் கற்பித்த காலத்தில் அதிகஷ்டப் பட்டியலில் இருந்திருக்கலாம். ஆதலால், அந்தப் பாடசாலை இப்போது எந்த வகையில் இருக்கிறது என்ற கடிதம் உங்களுக்குப் பயன்படாது; நீங்கள் பணியாற்றிய ஆண்டுகளில் எந்த வகையில் இருந்தது என்று, ஆண்டைக் குறிப்பிட்டே வலயத்திடம் கேட்க வேண்டும். அக்காலத்தில் கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவு பெற்ற சம்பளச் சீட்டு இருந்தால் வேறொன்றும் தேவைப்படாது.

பாராட்டைப் பொறுத்தவரை, கல்வி அமைச்சின் குரு பிரதீபா பிரபா விருது போன்றவற்றின் சான்றிதழை அதிபர் ஊடாக அனுப்பிக் கோவையில் சேர்ப்பித்து, சேர்த்தமைக்கான குறிப்பைக் கேட்டுப் பெறலாம். இது ஓய்வூதியத் தொகையைக் கூட்டாது. ஆனாலும் செய்யுங்கள். கோவையில் தண்டனை பற்றிய கடிதம் மட்டும் தவறாமல் இருந்து, பாராட்டு எங்கோ சுவரில் படச் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருப்பது நீதியாகாது.

தொண்டர் ஆசிரியர்களாகத் தொடங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. சம்பளமின்றி, சில இடங்களில் பெற்றோர் கொடுத்த சிறு தொகையோடு, வன்னியின் பல பாடசாலைகளை மூடாமல் காத்தவர்கள் நீங்கள். எனினும் ஓய்வூதியச் சேவை நிரந்தர நியமனக் கடிதத்தில் உள்ள திகதியிலிருந்தே கணிக்கப்படும். அந்தக் கடிதத்தில் வேறு ஏற்பாடு எழுதப்பட்டிருந்தால் ஒழிய, முந்திய வருடங்களை அதில் சேர்க்கும்படி கேட்பதால் விண்ணப்பம் முழுவதும் தாமதமாகும். கற்பித்தல் அனுபவமாக அந்த வருடங்களை உறுதிப்படுத்தும் கடிதத்தைத் தனியாகக் கேளுங்கள்.

நான்காம்படி: விண்ணப்பம்

பணியில் இருப்பவர் அதிபர் ஊடாகவும், ஓய்வுபெற்றவர் இறுதியாகப் பணியாற்றிய வலயத்தின் பணிப்பாளருக்கு நேரடியாகவும் எழுத வேண்டும். மேலதிகாரியைத் தாண்டிச் செல்லும் கடிதம் மீண்டும் அவரிடமே அபிப்பிராயத்துக்கு வரும். அதனால் சுற்றுவழிதான் மிஞ்சும். ஒரு கடிதத்தில் ஒரு திருத்தத்தை மட்டும் கேளுங்கள். ஐந்து திருத்தங்கள் வேண்டுமென்றால் ஐந்து கடிதம். ஒன்றுக்குச் சான்று போதவில்லை என்று நிறுத்தினாலும் மற்ற நான்கும் நகரும்.

என்ன கேட்கிறீர்கள் என்பது முதல் பந்தியிலேயே, வரலாற்றுத் தாளில் எழுதப்பட வேண்டிய சொற்களிலேயே வந்துவிட வேண்டும். உதாரணமாக இப்படி எழுதலாம்: "எனது வரலாற்றுத் தாளில் 2009.06.15 முதல் 2010.01.10 வரையான காலப்பகுதி பற்றிய பதிவு இல்லை. இக்காலத்தில் நான் செட்டிகுளம் நலன்புரி நிலையத்தில் இயங்கிய பாடசாலையில் இணைப்பு அடிப்படையில் கடமையாற்றினேன். இணைப்பு 1 முதல் 4 வரையான ஆவணங்களின் அடிப்படையில் இக்காலப்பகுதியைச் சம்பளத்துடனான சேவையாகப் பதிவு செய்து, திருத்திய வரலாற்றுத் தாளின் உறுதிப்படுத்திய பிரதியை எனக்கு வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்." இரண்டாம் பந்தியில் ஒவ்வோர் இணைப்பும் எதை நிறுவுகிறது என்று ஒரு வசனம் எழுதினால் போதும். மூலப் பத்திரத்தை ஒருபோதும் இணைக்க வேண்டாம். பிரதியை இணைத்து, மூலத்தைக் காட்டத் தயாராக இருப்பதாக எழுதுங்கள். ஒருமுறை எல்லாவற்றையும் இழந்த நாம் இரண்டாம் முறையும் இழக்க வேண்டியதில்லை.

கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது நேரில் கொடுத்து உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். ஒரு மாதம் கழித்து, முதற்கடிதத்தின் திகதியைக் குறிப்பிட்டு நினைவூட்டல் அனுப்புங்கள். விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் மாறினால் புதியவரிடம் முழுப் பிரதியையும் கொடுங்கள். அவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை. நூற்றுக்கணக்கான கோவைகளோடு இருக்கும் அவருக்கு, இலக்கமிட்ட இணைப்புகளோடு வரும் கடிதமே வேலையை இலகுவாக்கும்.

காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டாய ஓய்வு வயது அறுபது. ஐம்பத்தைந்தாவது பிறந்தநாளுக்குள் இந்த வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது. சாட்சி சொல்ல வேண்டிய அதிபரின் வயது உங்களுடையதைவிடப் பத்துப் பதினைந்து கூடுதலாக இருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

மறுக்கப்பட்டால்

மறுப்பை எழுத்தில், காரணத்தோடு கேளுங்கள். சான்று போதாது என்பது காரணமானால் மேலும் தேடலாம். அதிகாரம் இல்லை என்பது காரணமானால் மாகாணக் கல்விப் பணிப்பாளருக்கும், நியமன அதிகாரத்தைப் பொறுத்து மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செல்லும். நிர்வாகத் தாமதமும் அநீதியும் பற்றி நிர்வாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளரிடம் முறையிடலாம். உங்களோடு ஒத்த நிலையில் இருந்தவர்களுக்குத் திருத்தம் வழங்கி உங்களுக்கு மறுத்திருந்தால் அது சமத்துவ உரிமை பற்றிய விடயமாகும். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியாப் பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்வதற்கு ஒரு மாதமே அவகாசம் என்பதால், மறுப்புக் கடிதம் கிடைத்த வாரத்திலேயே சட்டத்தரணி ஒருவரை, வசதியில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தை, நாடுங்கள்.

ஆசிரியர் இறந்துவிட்ட குடும்பத்தில் மனைவி, கணவர் அல்லது பிள்ளைகள் இதே வழியில் விண்ணப்பிக்கலாம். இறப்பு அத்தாட்சிப் பத்திரம், உறவை நிறுவும் பத்திரம், விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய இலக்கம் ஆகியவற்றை முதலில் ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள். ஆசிரியரின் பெயர் ஒவ்வொரு பத்திரத்திலும் ஒவ்வொரு விதமாக எழுதப்பட்டிருந்தால், எல்லாப் பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்ற சத்தியக் கடதாசியும் தேவைப்படும்.

ஐந்தாம்படி: திருத்தத்தைச் சரிபார்த்தல்

"திருத்தியாயிற்று" என்ற தொலைபேசிச் சொல்லோடு நின்றுவிடாதீர்கள். வரலாற்றுத் தாளில் புதிய வரி எழுதப்பட்டிருக்கிறதா, அதற்கு நேரே அதிகாரமளித்த கடிதத்தின் இலக்கம் இருக்கிறதா, ஒப்பமும் திகதியும் இருக்கின்றனவா என்று நேரில் பாருங்கள். திருத்தத்தால் தரமுயர்வுத் திகதி முன்னே நகர்ந்திருந்தால், அதற்கு அடுத்து வந்த ஒவ்வொரு சம்பள ஏற்றமும் மாறும். சம்பள மாற்றத்தையும் நிலுவையையும் கணிக்கும்படி கணக்குக் கிளைக்குத் தனிக் கடிதம் வேண்டும். அந்த இரண்டாம் கடிதத்தை எழுதாமல் விட்டு, பதிவு சரியாகியும் பணம் சரியாகாமல் ஓய்வுபெற்றவர்களை அறிவேன். உறுதிப்படுத்திய பிரதியில் இரண்டு எடுத்து, ஒன்றை வீட்டிலும் மற்றதை வேறோர் ஊரில் இருக்கும் பிள்ளையிடமோ சகோதரரிடமோ வையுங்கள். ஓய்வூதிய விண்ணப்பத்தைக் கையளிக்கும் நாளில் அந்தப் பிரதியையும் கொண்டுபோய், விண்ணப்பத்தில் எழுதப்பட்டிருக்கும் சேவைக்காலத்தோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே ஒப்பமிடுங்கள்.